தலையாட்டிய மைனா

ஊர் என்று ஒன்று உண்டாகாத காலத்தில், ஒரே ஒரு காட்டிலே ஒரு மரங்கொத்தி இருந்ததாம். கேட்கிற பறவைகளுக்கெல்லாம் பொந்து குடைந்து சும்மாவே கொடுக்குமாம். முட்டையிடும் நாள் நெருங்கிய மைனா ஒன்று வந்தது. மரங்கொத்தி மூச்சுவிடாமல் நூறு நிபந்தனை சொன்னது. மைனாவுக்குப் பாதி விளங்கவில்லை. கிளையில் இங்குமங்கும் நடந்தபடி கேட்டுவிட்டு, உள்ளே போய் மூன்று முட்டை இட்டது.

ஒருநாள் இரை தேடிவிட்டு வந்தால், பொந்தின் வாசல் இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது. உள்ளே ஒரு முட்டைகூட இல்லை. எதிர்க்கிளையில் ஒரு காக்கை அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மைனா மரங்கொத்தியைக் கூப்பிட்டுக் கேட்டது: "யாரைக் கேட்டு அண்ணே வாசலைக் கொத்தினீங்க?"

"காத்து நல்லா வரட்டும்னு செஞ்சேன் தாயி. எப்ப வேணா மாத்துவேன்னு அன்னைக்கே சொன்னேன். நீயும் தலையாட்டினியே!"

"நடந்தா என் தலை ஆடும் அண்ணே. எங்க இனமே அப்படித்தான். கொத்துறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுத்திருந்தா, நான் வாசலை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டேனே."

மரங்கொத்தி காலியான பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு, "பக்கத்து மரத்துல புதுப் பொந்து இருக்கு, தரட்டுமா?" என்றது.

மைனா தரையில் இறங்கி, தலை ஆடிவிடாமல் கழுத்தை விறைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து போனது.