லைனில் இருப்பவன்

"உங்க குரலைக் கேக்காம ஒரு நாள்கூட ஓட மாட்டேங்குது சார்," என்றாள் அவள், குளியலறைக்குள்ளிருந்து. குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்கிற சத்தம்தான் இல்லை.

வெளியே தோளில் துண்டோடு நின்ற கணவனுக்குக் காது சுட்டது. பதினோரு வருடத்தில் அவனிடம் அவள் ஒரு நாளும் இப்படிக் குழைந்ததில்லை.

கதவு திறந்தது. அவள் முகம்கூட நனையவில்லை.

"யாரு போன்ல?"

"ஆஸ்பத்திரியில இருந்துதாங்க. நாளைக்குக் கூட்டம் அதிகமாம், சீக்கிரம் வரச் சொல்றாங்க."

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. அதைப் பேசவா குழாயைத் திறந்துவிட வேண்டும்?

எல்லாம் அவள் பேங்குக்குப் போன நாளிலிருந்துதான். இனிமேல் சம்பளத்தைக் கணக்கில்தான் போடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல்யாணமான புதிதில் இரண்டு பேர் பெயரிலும் தொடங்கிய கணக்கு ஒன்று இருந்தது. அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, அதற்குப் பிறகு அவள் அந்தப் படியை மிதித்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன் தானாகவே போய்விட்டு வந்தாள்.

"கண்ணாடி போட்ட ஆபீசர் ஒருத்தர்ங்க. எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்தாரு தெரியுமா?"

"உன்னை யாரு பேங்குக்குப் போகச் சொன்னது?" அவன் போட்ட சத்தத்தில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலைக் கீழே போட்டாள். "பண விஷயமெல்லாம் நான் பாத்துக்க மாட்டேனா?"

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டை எடுத்து வைத்தாள்.

அன்று அவன் மனதில் வந்து உட்கார்ந்த கண்ணாடி ஆபீசர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. கசங்காத சட்டை, சுத்தமான விரல்கள். லிஃப்ட் மெக்கானிக்கான இவனுக்கோ நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தான். மேல்தோல்தான் உரிந்தது.

பேங்குக்கே போய் ஆளைப் பார்த்துவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினான். இரண்டு முறையும் தெருமுனையோடு திரும்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. 'தையல் அக்கா' என்று காட்டியது. எடுக்கக் கை நீட்டினான், உள்ளங்கை வியர்த்தது. எந்த போன் அடித்தாலும் இப்போதெல்லாம் அவனுக்கு அப்படித்தான். அதற்குள் மூச்சிரைக்க ஓடி வந்தவள் போனைப் பறித்துக்கொண்டாள்.

"தையல் அக்காவுக்கு அவ்வளவு என்ன அவசரம்?"

"ஜாக்கெட் அளவுங்க," என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் மாடி ஏறினாள்.

மறுநாள் காலையில் புதுப் புடவை கட்டிக்கொண்டாள். "அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அக்கா வீடு கிழக்கே. பஸ் மேற்கே போனது. அவன் பைக்கில் பின்தொடர்ந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் பக்கவாட்டு வாசலுக்குப் போனாள். அங்கே அவளுக்காகக் காத்திருந்தவன் கண்ணாடி போட்டிருந்தான். சட்டை கசங்கவில்லை. அவள் ஏதோ சொல்ல, அவன் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் மாடிப்படி ஏறினார்கள்.

இவன் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். இரண்டு இரண்டு படியாகத் தாவினான். மூன்றாவது மாடியில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து அவள் சிரிப்பு கேட்டது. அதே குழைவு.

தோளால் இடித்துத் திறந்தான். "இதுதான் உங்க அக்கா வீடா?"

யாரும் பதறவில்லை. காக்கி உடுப்பில் இருந்த பெண் இன்ஸ்பெக்டர் உதட்டில் விரலை வைத்தார். அவர் பக்கத்தில் ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஆபீசர் எழுந்து தன் நாற்காலியை இவன் பக்கம் நகர்த்தினார்.

மேசை நடுவே அவள் போன், ஸ்பீக்கரில்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" தேன் தடவிய ஆண் குரல். "இன்னைக்கே போட்டீங்கன்னா ரெண்டு மாசத்துல டபுள் மேடம். வீட்டுல யாருக்கும் சொல்லிடாதீங்க. உங்க பணத்துக்கு நான் பொறுப்பு."

"இருக்கேன் சார். கார்டை எடுத்துட்டு வந்துடறேன், ஒரு நிமிஷம். வச்சிடாதீங்க," என்றாள் அவள். தன் பேச்சு அந்தப் பக்கம் கேட்காதபடி பட்டனை அமுக்கினாள்.

இவன் நாற்காலியில் விழுந்தான். ஏசி அறையில் சட்டை முதுகோடு ஒட்டியது.

அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். தோல் உரிந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாம சொல்லுங்க. நம்ம கணக்குல இருந்த நாலு லட்சத்தை நீங்க குடுத்தது இவனுக்குத்தானே?"