முக்காடு போட்ட கம்ப்யூட்டர்

“சாமுவேல் கணக்கை இன்னைக்கே முடிச்சு ஊட்டுக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன், அம்மணி” என்றார் முதலாளி பொங்கியண்ணன்.

பிரவீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணபதி ஏரியாவில் மோட்டார் பம்ப் செய்யும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் அவள் பொறுப்பு. சாமுவேல் பக்கத்து மேஜை கிளார்க். இருக்கிற இடம் தெரியாமல் வேலை செய்கிற மனுஷன்.

“அவர் என்னங்க தப்புப் பண்ணினார்?”

கம்பெனி வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பீளமேட்டுக்காரர் போனில் வத்தி வைத்திருந்தார். தினமும் மத்தியானம், இந்த ஆபீஸிலிருந்தே யாரோ வெப்சைட்டுக்குள் போகிறார்களாம். பம்ப்பையும் பார்ப்பதில்லை, விலையையும் பார்ப்பதில்லை. முதலாளி குடும்பத்தோடு நிற்கும் போட்டோ ஒன்று இருக்கிறதே, அதையே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம்.

“என் மூஞ்சியில அப்படி என்ன இருக்குது? மத்தியானத்துல கம்ப்யூட்டர்கிட்ட இருக்கறது சாமுவேல் ஒருத்தன்தான். சம்பளம் வாங்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருக்கறானாட்ட இருக்குது.”

பார்ப்பது யார் என்று பிரவீனாவுக்குத் தெரியும். சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் சாமுவேல் வேலை போகும்.

எல்லாம் ஆறு மாதத்துக்கு முன்னால் முதலாளியே ஆரம்பித்து வைத்த கூத்து. அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அங்கப்பனும் வெப்சைட் போட்டிருக்கானாமா. அவன் விலையை நாம பார்க்கோணும். பார்த்தது நாமதான்னு அவனுக்குத் தெரியப்படாது. முக்காடு போட்டுட்டுப் போறாப்ல ஏதாச்சும் வழி இருக்குதா?”

அங்கப்பன் வேறு யாருமில்லை. முதலாளியின் தங்கை நாச்சியம்மாளைக் கட்டியவர்தான். ஒரே ஷெட்டில் கூட்டாகத் தொழில் செய்து, தகராறாகிப் பிரிந்தவர்கள். எட்டு வருஷமாக நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

வழி இருந்தது. அதற்குப் பெயர் ப்ராக்ஸி. காலேஜில் வராதவனுக்குப் பதிலாக இன்னொருவன் ஆஜர் சொல்வானே, அதே ப்ராக்ஸிதான். நாம் பார்ப்பது இன்னொரு ஆபீஸ் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். அவர்கள் பேரில்தான் பதிவாகும். அதற்குக் கூலியாக, அவர்கள் பார்ப்பதை நம் கம்ப்யூட்டர் வழியாக விடவேண்டும். கொடுக்கல் வாங்கல்.

கூடப் படித்த அருள்குமாரைப் பிடித்தாள் பிரவீனா. மத்தியானத்தில் ஒரு மணி நேரம் இரண்டு ஆபீஸிலும் லைனைப் போட்டு வைப்பதென்று பேச்சு. அருள்குமார் எங்கே வேலை பார்க்கிறான் என்று முதலாளி கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முதலாளி அறைக்கதவு சாத்திக்கொள்ளும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம்.

இப்போது வேறு வழியில்லை.

“சாமுவேல் அண்ணன் இல்லைங்க சார். அருள்குமார் ஆபீஸ்ல இருந்து பார்க்கறாங்க. அது நம்ம பேர்ல பதிவாகுது.”

“அவன் எந்த ஆபீஸு?”

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

“அங்கப்பன் சார் ஆபீஸுங்க.”

முதலாளி எழுந்தே விட்டார். “அப்ப நான் ஆறு மாசமா அவன் ஊட்டுக்குள்ளயே பூந்து அவன் ஊட்டை எட்டிப் பார்த்துட்டு இருந்தனா?”

“அவங்க வாசல்ல இருந்தே போனா அவங்களுக்குச் சந்தேகம் வராதுன்னு நெனச்சனுங்க.”

“விலையெல்லாம் பார்த்தது அவனுக்குத் தெரிஞ்சுபோயிருக்குமே!”

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள். வேலைதான் போகப்போகிறது, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று பட்டது.

“அருள்குமார் சொன்னானுங்க. இங்கிருந்து போனவங்க விலைப்பட்டியலை ஒரு தடவைகூடத் திறக்கலையாமா. அவங்க புது ஷெட் திறப்பு விழாப் போட்டோவை மட்டும்தான் தெனமும்...”

அந்தப் போட்டோவில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருப்பது நாச்சியம்மாள்.

பொங்கியண்ணன் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“அந்த ஏற்பாட்டை இன்னைக்கே நிறுத்திப்போடட்டுங்களா சார்?”

“வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். சாமுவேல்கிட்டயும் ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்.”

தப்பித்தோம் பிழைத்தோம் என்று கதவுவரை போனவளை அவர் குரல் நிறுத்தியது.

“அம்மணி, நம்ம குடும்பப் போட்டோவைக் கொஞ்சம் பெருசாக்கிப் போட்டுரு. நாச்சிக்குச் சின்ன வயசுலிருந்தே பார்வை கம்மி.”