கறுப்புத் துணி

மீனைத் தின்னாமல் சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு மெரின் டிரைவில் ஒரு கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள்.

தாராவியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன், காலண்டருக்கு மீன் படம் எடுக்க அங்கே போனான். தனக்குப் பின்னால் கறுப்புத் துணி விரித்துப் பிடிக்க என்னைக் கூப்பிட்டான்.

என் வீட்டுக்காரி பிச்சம்மாளும் வருகிறேன் என்றாள். திங்கட்கிழமை அவளுக்கு வயிற்றில் ஆபரேசன். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் தேதி சொன்னார். அந்த ஆளை நான் நம்பவில்லை.

முப்பது வருசம் கூட வாழ்ந்தவள். அவள் முகம் ஒரு படத்திலும் கிடையாது.

எங்கள் மூத்தவனைப் படம் பிடித்த எட்டாம் நாள் அவன் காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

"மாமா, துணி எறங்குனா ஒங்க மூஞ்சி தொட்டிக் கண்ணாடியில விழும். மீன் படம் கெட்டுப்போவும்" என்றான் ஜெயினுலாப்தீன்.

துணியைத் தூக்கிப் பிடித்தேன். பிச்சம்மாள் எனக்குப் பக்கத்தில், துணிக்குப் பின்னால் நின்றாள். எனக்கு ஒண்ணும் தெரியலையே என்று முணுமுணுத்தாள்.

துணி ஓரமாக எட்டிப் பார்த்தேன்.

பாறை இடுக்கிலிருந்து அது வந்தது. முறம் அகலம். உடம்பெல்லாம் மஞ்சள், மேலே நீலக் கோடுகள். யாரோ சாயம் அடித்து விட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தோல் பட்டறையில் தோலுக்குச் சாயம் ஏற்றியே கை கறுத்தவன் நான். அது சாயம் இல்லை.

பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன்.

துணி இறங்கியது.

பிச்சம்மாள் வாயைப் பிளந்தாள். கண்ணாடியில் அவள் முகம், முகத்துக்குள்ளே அந்த மீன். மூக்குத்திக்குப் பக்கத்தில் நீலக் கோடு ஓடியது. ஆடாமல் அசையாமல் நின்றாள்.

கேமரா 'க்ளிக்' என்றது.

"என்ன மாமா, துணிய விட்டுட்டியளே!"

கை வழுக்கிவிட்டது என்றேன். ஈரத்தோலை வழுக்காமல் தூக்குகிற கை. அவன் என் கையைப் பார்த்தான்.

மாஹிம் போகிற லோக்கல் ரயிலில் பிச்சம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

தாதர் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"கேமராக் கண்ணு கண்ணாடிக்குள்ள என்னயவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. தெரிஞ்சுதான் முந்தானைய இழுக்கல. படத்தக் கழுவி வாங்கி வைங்க. ஆஸ்பத்திரியிலருந்து வந்து பாக்கணும்."