முகவரி மாறி வந்தவர்

ஓர் அலுவலகக் கணினிகளுக்கு ஃபயர்வால்தான் வாசல் காவல். தெரிந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருபவர்களை மட்டுமே அது உள்ளே விடும்.

உள்ளே, எல்லோருக்கும் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் சர்வர் நோயில் கிடந்தது. அதன் கோப்புகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன.

வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருந்த பேக்கப், அந்தக் கோப்புகளின் நகல்களைச் சுமந்துகொண்டு ஓடிவந்தது.

"தம்பி, நான்தான். கதவைத் திற!"

குரல் ஃபயர்வாலுக்கு நன்றாகத் தெரிந்தது. "முகவரி மாறியிருக்கே அண்ணே, எப்படி விடுவேன்?"

"வீடுதானப்பா மாறுச்சு. ஆள் மாறலையே?"

ஃபயர்வாலுக்கு விதியை மீறத் துணிச்சல் வரவில்லை. நெடுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு பேக்கப் திரும்பிப் போனது.

"வாசல்ல யாருப்பா?" என்றது சர்வர், ஈனக்குரலில்.

"யாரோ தெரியாத ஆள்."

அன்று மாலையே சர்வர் அடங்கிப்போனது. ஒன்றுமில்லாத வீட்டுக்கு ஃபயர்வால் இன்னமும் காவல் நிற்கிறது.