பின்னட்டை முகம்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, அச்சகத்தின் பின்னறையில், லாரி ஓட்டுநர் ஒருவன் பைண்டரின் வலது கையை வீல் ஸ்பேனரால் அடித்து உடைத்தான்.

அடிப்பதற்கு முன் முகத்தைச் சரிபார்த்துக்கொண்டான். அவன் இடது கையில் ஒரு புத்தகம். பின்னட்டையில் அதே வழுக்கை, அதே தடித்த கண்ணாடி, மூக்கோரம் அதே மச்சம்.

"கோழி வளக்கவும் நீதான் சொல்ற, கரண்ட் வேலைக்கும் நீதான் சொல்ற, புள்ளைக்கு மருந்தும் நீதான் சொல்ற. எல்லாத்தையும் எழுதுன கை எதுடா? இதானே?"

பைண்டர் வாயெடுப்பதற்குள் அடுத்த அடி தாடையில் விழுந்தது.

பின்னட்டையில் படத்துக்குக் கீழே இருந்த ஆசிரியர் பெயரில் இதுவரை நூற்றுப் பதினான்கு புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்தப் பெயரில் ஆள்தான் கிடையாது.

கோழி பற்றி எழுதியவர் ஒரு தீவன வியாபாரி. வயரிங் பற்றி எழுதியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லைன்மேன். கனவுகளின் பலனை எழுதியது முதலாளியின் மைத்துனி. அந்த அம்மாள் படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது, கனவுக்கு எங்கே போனாரோ. எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டால் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்பது முதலாளியின் யோசனை.

பெயருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. "நாலும் படிச்ச களை உங்க மூஞ்சிலதான் இருக்கு" என்று பைண்டரை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் பிடித்தார்.

அன்றிலிருந்து அச்சு ஓட்டுபவர் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். "டாக்டரே, இடுப்பு புடிச்சிருக்கு." பைண்டரும் சளைக்கமாட்டார். "நூறு ஃபாரம் மடிச்சுக் குடுத்துட்டுப் போ, சரியாப் போயிடும்."

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பைண்டரின் அலறல் யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது அடி முழங்காலில். பைண்டர் காகிதக் கட்டுகளின் மேல் சாய்ந்து தரைக்கு வந்தார். ஓட்டுநர் அவர் நெஞ்சில் ஒரு முட்டியை ஊன்றினான். அழுதுகொண்டிருந்தான். புத்தகத்தை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ரெண்டரை வயசுப் புள்ளைய நேத்துதான் பொதைச்சேன். ராத்திரியெல்லாம் இருமுதேன்னு இதைப் பாத்துதான் குடுத்தா எம் பொண்டாட்டி. படிறா. படிச்சு முடி, அப்புறம் உன் கதையை முடிக்கிறேன்."

கண்ணாடியில் ஒரு சில்லு மிஞ்சியிருந்தது. பைண்டர் அதன் வழியே பார்த்தார். இடப்பக்கம், முப்பத்திரண்டு, 'இரவு இருமலுக்கு' என்ற தலைப்போடு முடிந்திருந்தது. எதிரே முப்பத்து மூன்றாம் பக்கம். மேலே மூன்று வரிகள் நீலப் பேனாவால் அடிக்கோடிடப்பட்டிருந்தன.

போரிக் பவுடர் இரண்டு கரண்டி. அதே அளவு சர்க்கரை. பால் விட்டுக் குழைத்துக்கொள்ளவும்.

நான்காவது வரியில் கோடு இல்லை. 'சிறு உருண்டைகளாக உருட்டி, கரப்பான் நடமாடும் மூலைகளில் வைக்கவும்.'

இடுப்பில் அழும் குழந்தையோடு படித்தவள், கலக்க வேண்டியது தெரிந்ததும் நிறுத்தியிருந்தாள். அவள் நிறுத்திய இடத்துக்குக் கீழே ஓட்டுநரும் படிக்கவில்லை.

பைண்டருக்கு வலி ஒரு நொடி நின்றது.

குழந்தை வைத்தியமும் பூச்சி ஒழிப்பும் ஒரே வாரத்தில் அச்சாகின. ஒரே அளவு, ஒரே எழுத்து. பக்கத்தின் தலையில் புத்தகத்தின் பெயர் இருக்காது, அந்த ஆசிரியர் பெயர் மட்டும்தான். எல்லாப் புத்தகத்துக்கும் அதுதான் இந்த அச்சகத்து வழக்கம். பதினாறு பக்கம் கொண்ட ஃபாரங்களாக மடித்து, கட்டுக் கட்டாக வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். குழந்தை வைத்தியத்தின் இரண்டாவது ஃபாரத்துக்குப் பக்கத்தில் பூச்சி ஒழிப்பின் மூன்றாவது ஃபாரத்தை யாரோ வைத்திருக்கிறார்கள்.

பைண்டிங் அறையில் வேலை பார்ப்பவர் ஒருவர்தான்.

மெஷின் நின்றது. எதற்கோ உள்ளே வந்த முதலாளி வாசற்படியிலேயே கத்தினார்.

"ஐயோ, விடுப்பா! அவர் பைண்டர்பா! போட்டோ மட்டும்தான் அவரோடது, ஒரு வரி அவர் எழுதினதில்ல!"

ஓங்கிய ஸ்பேனர் இறங்கவில்லை. ஓட்டுநர் பின்னட்டையைப் பார்த்தான். கீழே கிடந்தவரின் பசை காய்ந்த விரல்களைப் பார்த்தான். முட்டியை எடுத்தான். பைண்டரைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, தோளில் கிடந்த துண்டால் அவர் மோவாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தான்.

"ஆள் தெரியாம அடிச்சுட்டேண்ணே. மன்னிச்சுக்குங்க."

பிறகு முதலாளி பக்கம் திரும்பினான்.

"அப்ப இதுக்கு யாரு பொறுப்பு?"

முதலாளி பைண்டரைப் பார்த்தார். அந்தக் கையையும் அந்த வாயையும் பார்த்தார்.

பைண்டர் வாயைத் திறந்தார். உடைந்த பல் ஒன்றைத் துப்பினார். மூடிக்கொண்டார்.

"நான்தாம்பா பொறுப்பு. அவரை விட்டுரு" என்றார் முதலாளி.

அவர் தலையில் மூன்று அடிகள் என்று பிறகு மருத்துவ அறிக்கையில் இருந்தது.

முதலாளி வியாழக்கிழமை இறந்தார். புத்தகம் சாட்சிப் பொருளாக உறையிலிடப்பட்டது. மருத்துவமனைக் கட்டிலில் பைண்டரிடம் போலீசார் அடித்தவனைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கு மட்டும் பதில் சொன்னார்.

ஒரு கட்டுக்கு ஐம்பது ஃபாரம். மற்ற நாற்பத்தொன்பது பிரதிகள் கடைகளில் விற்பனையாகிக்கொண்டிருந்தன.