குதிகாலில் எடுத்த துண்டு

சுயம்புராஜ் வருவது ஜன்னலில் தெரிந்ததுமே சுபிதா ஆஸ்பத்திரி லேபின் ஸ்டோர் ரூமுக்குள் புகுந்துகொண்டாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"அவ இல்லியே அண்ணாச்சி," என்று கூட ஆராய்ச்சி செய்கிற அபினா கூசாமல் புளுகியது உள்ளே கேட்டது.

அவர் கருங்கல் சந்தையில் வாழைக்குலை வியாபாரி. குதிகாலில் கறுப்பாய்ப் படர்ந்த தோல் புற்றுநோயைப் போன வருஷம் வெட்டி எடுத்தார்கள். அதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கியவள் சுபிதா.

"ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு உண்டு அண்ணாச்சி, நூலு மாதிரி. சிலது ரெண்டு நுனியும் ஒட்டி வட்டமா கெடக்கும். அந்த வட்டம்தான் புத்துநோய வளத்துவிடுதான்னு பாக்கணும்."

மனுஷன் வலியை மறந்து கேட்டார். கையெழுத்தும் போட்டார். அதிலிருந்து செக்கப்புக்கு வரும்போதெல்லாம் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு லேபில் எட்டிப்பார்த்து, வட்டம் என்ன சொல்லுது என்று விசாரிப்பார்.

என்ன சொல்லும்? மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போக பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், அந்தத் துண்டு இருந்த ஃப்ரீசர் கதவைச் சுபிதா சரியாக அடைக்கவில்லை. லீவு முடிந்து வந்து பார்த்தால் எல்லாம் உருகி நாறிக்கிடந்தது. ஆராய்ச்சி கைடிடம் கரண்ட் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிட்டாள். இவர் முகத்தில் எப்படி முழிப்பது?

ஒரு துண்டு சதையைக் கொடுத்துவிட்டு இந்த ஆள் ஏன் இப்படி அரிக்கிறார், ஏதோ காரியம் சாதிக்கத்தான் நடையாய் நடக்கிறார் என்று அபினா தீர்ப்பே எழுதிவிட்டாள். சுபிதாவும் ஆமாம் போட்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஆனால் இன்றைக்கு அவர் போகவில்லை. வரட்டும், இருக்கிறேன் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே சுபிதாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க தந்தது கெட்டுப்போச்சு. ஃப்ரீசர் கதவ நான் ஒழுங்கா அடைக்கல்ல. உங்களுக்க முகத்தப் பாக்க முடியாமத்தான் ஒளிஞ்சிருந்தேன்."

நாலு வார்த்தை திட்டிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அவர் திட்டவில்லை.

"நீ ஒளியத் தொடங்கினப்பவே எனக்கு வெளங்கிச்சு மக்கா. அதுக்கா இப்படிக் கெடந்து வெசனப்படுக?"

பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டியை முழங்கால்வரை ஒதுக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் புதிதாக ஒரு கறுப்பு முடிச்சு.

"இன்னொண்ணு வந்திருக்கு. செவ்வாக்கிழமை எடுக்காவ. இதுலயும் உனக்கு ஒரு துண்டு தரணும்னு டாக்டர்ட்ட சொல்லியாச்சு. அதச் சொல்லத்தான் மூணு தடவையா வந்தேன்."