எங்க போற?

பழைய கணினிகளை வாங்கும் கடையில், நவநீதம் தன் வீட்டுக் கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். கணவர் இறந்த பிறகும், அவள் வாசலுக்குப் போகும்போதெல்லாம் அவர் குரலில் "எங்க போற?" என்று கேட்கும் கணினி அது. பதில் சொன்னால்தான் கதவைத் திறக்கும்.

"அழிச்சா திரும்ப வராதும்மா. சார் குரலையாவது எடுத்துத் தரட்டுமா?" என்றாள் கடைக்காரப் பெண் ஃபர்ஹானா.

"ஒரு தடவை எனக்காகப் பாடினார். அந்தப் பாட்டை மட்டும் குடும்மா. மத்ததெல்லாம் அழிச்சிடு."

சற்று நேரத்தில் திரை வெறுமையானது. கிளம்பிய நவநீதம், பழக்கதோஷத்தில் கடைக் கதவருகே நின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா," என்று சிரித்தாள் நவநீதம். "எங்க போகலாம்னு யோசிக்கிறேன்."